வழிப்போக்கர் பதிவேடு

பத்து மணிக்கு மின்சாரம் போனது.
மின்விசிறி ஒருமுறை தலையாட்டி நின்றது.
வானொலிக்கு மட்டும் பேட்டரி உண்டு;
விவாதம் நிற்கவில்லை.

சான் பெத்ரோ பதிவு அலுவலகத்தில்
மூன்றாம் சன்னல் என்னுடையது.
இருபத்தாறு வருடம்.
பிறப்பு, இறப்பு, நடுவில் கல்யாணம்,
எல்லாம் ஒரே மையில்தான்.

அவள் பெயர் ஒடாலிஸ் ஃபெனெலோன்.
செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது.
கேட்பது ஒரு நகல்,
முத்திரையோடு, வெள்ளிக்கிழமைக்குள்.

புத்தகத்தை எடுத்தேன். 1991, தாள் 212.
என் கையெழுத்து.
பெயரின் முதல் எழுத்துக்கு வால் வைக்கும் பழக்கம்
அப்போது இருந்தது எனக்கு.
தந்தை: வில்னேர். தொழில்: கரும்பு வெட்டுதல்.
அடையாளம்: ஆலை கொடுத்த அட்டை, எண் 4471.
அது போதும் என்று எழுதியவன் நான்.
அன்றைக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் தலைநகரில் தீர்ப்பு எழுதினார்கள்:
வேலைக்கு வந்தவர்கள் வழிப்போக்கர்கள்,
வழியில் பிறந்த பிள்ளை வழிக்குத்தான் சொந்தம்.
இன்றிலிருந்து இல்லை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதிலிருந்து.
நண்டுகூடப் பக்கவாட்டில்தான் போகும்;
இது நேராகப் பின்னால் நடந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
எங்கள் பழைய விதிப்புத்தகம் கொஞ்சம் தாராளம்:
வழிப்போக்குக்குப் பத்து நாள்.
வில்னேரை இறக்கிவிட்ட லாரி
அவரைத் திருப்பி ஏற்ற
முப்பத்தெட்டு அறுவடையாக வரவில்லை.
பத்தாம் நாள் எந்தச் சனிக்கிழமை முடிந்தது?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வானொலியில் ஒருவர்:
"என் கூரையில் புறா முட்டையிட்டால்
வீட்டுப் பத்திரத்தைப் புறா பேருக்கு எழுதணுமா?"
இரண்டாம் சன்னல் நெரெய்தா சிரித்துவிட்டாள்.
பிறகு ஒடாலிஸைப் பார்த்தாள்.
பிறகு ஒலியைக் குறைத்தாள்.

நான் மேலே பார்த்தேன்.
தொண்ணூற்றெட்டில் புயல் பிய்த்தெறிந்த கூரைக்கு
இந்தத் தகரத்தை அடித்தவர்களில் வில்னேரும் ஒருவர்.
ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.
பாதிக் கூலி இப்போது, மீதி அடுத்த வாரம் என்றோம்.
கொடுத்தோமா, நினைவில்லை.

காப்பிக்கான சர்க்கரைப் பை மேசையில் இருக்கிறது.
'தொமினிக்கக் குடியரசில் விளைந்தது'
என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.
யாரும் அதனிடம் அப்பாவின் அட்டையைக் கேட்டதில்லை.

சொல்லவில்லையே, என் பெயர் எலிகியோ ஹாட்ஜ்.
ஸ்பானிய நாக்கு இடறி விழும் பெயர்.
தாத்தா நெவிஸ் தீவிலிருந்து
பாய்க்கப்பலில் வந்தவர்.
அதே ஆலை, அதே வெட்டுக்கத்தி.
அப்பா பிறந்தது முப்பத்தொன்றில்.
எனக்குக் கழித்தல் கணக்குத் தெரியும்.
அந்த வருடத்துப் புத்தகம்
உள்ளறையில், மேல்தட்டில்,
ஸ்டூல் போட்டால்தான் எட்டும் உயரத்தில் இருக்கிறது.
போன மாதம் ஸ்டூல் போட்டவன் நான்தான்.

'நிறுத்திவைக்கப்பட்டது' என்ற முத்திரை புதிது.
ரப்பர் வாசனைகூடப் போகவில்லை.

"எத்தனை நாளைக்கு?"
தெரியாது.
"அதுவரைக்கும் நான் எந்த ஊர்க்காரி?"
சுற்றறிக்கையை அவள் பக்கம் திருப்பினேன்.
அவள் அதைப் படிக்கவில்லை.
"கிரெயோலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வசவுகள்தான்," என்றாள்.
"அதை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்ய?"
சிரித்திருக்கலாம் நான்.
வேறொரு நாளாக இருந்திருந்தால்.

கையெழுத்துப் போடப் பார்த்தால் என் பேனா எழுதவில்லை.
அவள் தன்னுடையதை நீட்டினாள்.
தாளின் ஓரத்தில், முத்திரைக்குக் கீழே,
அவள் பெயரை மறுபடி எழுதினேன்.
முதல் எழுத்துக்குத் தானாகவே வால் வந்துவிட்டது.

அவள் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.
வெயில் வாசல்வரை வந்திருந்தது.
அடுத்தவர் என்று கூப்பிட்டேன்.

மூடி மட்டும் என் மேசையில் கிடக்கிறது.
நீல நிறம்,
நுனியில் பல் பட்ட தடம்.